பாம்பு அசையவில்லை

செனாயில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தம்போய் என்பது ஓர் ஊரின் பெயர் என்று பிறகுதான் தெரியவரும். முதலில் அது ஒரு திட்டு. வகுப்பில் யாராவது தனியாகச் சிரித்தால் போதும், “டேய், தம்போய் வேன் வருதுடா” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்கும். பேராக்கில் இதே வேலையைத் தஞ்சோங் ரம்புத்தான் செய்கிறது. சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம்.

செனாயிலிருந்து ஸ்கூடாய் வழியாக ஜொகூர் பாருவுக்குப் போகும் பழைய சாலையில்தான் தம்போய் வரும். 1937-இல் அங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனைதான் இன்றைய பெர்மாய். அந்த வளாகத்துக்கு நாம் பள்ளியில் கேள்விப்படாத கதைகள் உண்டு. 1941-இன் கடைசியில், ஜப்பானியர் வருவதற்குச் சற்று முன்பு, ஆஸ்திரேலிய ராணுவம் அங்கே தன் மருத்துவமனையை அமைத்தது. காயம்பட்ட சிப்பாய்களுக்கு அங்கே சிகிச்சை நடந்தது. கோவிட் வந்தபோதும் அங்கே கோவிட் நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். மனத்துக்கு என்று கட்டிய இடத்துக்கு உடம்பு வந்து கதவைத் தட்டுவது புதிதல்ல.

எங்கள் வீட்டில் மட்டும் அந்தத் திட்டை யாரும் சொல்ல மாட்டோம். காரணம் சித்தப்பா.

சித்தப்பாவுக்கு மனச்சிதைவு நோய் இருபது வயதுக்குமேல் வந்தது. வேலைக்காக வேறு மாநிலத்துக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார், மருத்துவமும் அங்கேதான். நல்ல நாள்களில் அவரைவிடச் சிரிக்க வைக்கும் ஆள் எங்கள் குடும்பத்தில் கிடையாது. கெட்ட நாள்களில் வயிற்றுக்குள் ஒரு பாம்பு இருப்பதாகச் சொல்வார். அது நெளிகிறது, சுருள்கிறது, பசிக்கிறது என்பார். பல ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு அந்தப் பாம்பு எங்களுக்கும் ஒரு சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் அவரை மனநல வார்டில் சேர்க்க வேண்டி வந்தது. எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை. ஜொகூரில் இல்லை என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பழைய மருந்துகள் சரிவராததால் குளோசபின் கொடுத்தார்கள். மனம் தெளிந்துகொண்டு வந்தது. மூன்றாவது வாரம் அம்மாவும் நானும் பார்க்கப் போனோம். பார்வையாளர் நேரம். மேசையில் அம்மா செய்த தோசையும் சம்பாலும். சித்தப்பா தொடவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “அண்ணி, பாம்பு அசையல அண்ணி. மூணு நாளாச்சு.”

பக்கத்தில் நின்ற பணியாளர் ஒருவர் சிரித்தார். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதியாக வேண்டும்: நானும் சிரித்தேன். பாம்பு இன்னும் போகவில்லை, மருந்து முழுதாய் வேலை செய்யவில்லை என்றுதான் என் புத்திக்குப் பட்டது. அவருடைய குறிப்பேட்டிலும் அந்த மூன்று நாள்களாக இருந்தது ‘வயிற்றில் பாம்பு பற்றிய பேச்சு தொடர்கிறது’ என்ற வரிதான் என்று பிறகு தெரிந்தது.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். பணியில் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஒரு தமிழ்த் தாதி. “அங்கிள், சட்டையைக் கொஞ்சம் தூக்குங்க” என்றார். வயிற்றில் கைவைத்தார். கை எடுத்ததும் முகம் மாறிவிட்டது. வயிறு தபேலா மாதிரி இறுகி உப்பியிருந்தது. நாடியை எண்ணினார்: 118. காய்ச்சல் 38-க்கு மேல். “கடைசியா எப்போ வெளிக்கு போனீங்க அங்கிள்?” என்று கேட்டார். சித்தப்பா விரலை மடித்து எண்ணிவிட்டு, “போன வாரம்” என்றார்.

பிறகு அந்தத் தாதி தொலைபேசியில் பேசியது மலாயில், அரை நிமிடம்கூட இருக்காது. ஆள் யார், வயது என்ன, எந்த மருந்து, எத்தனை நாளாய் மலம் இல்லை, வயிறு எப்படி இருக்கிறது, நாடி எவ்வளவு, குடல் அடைத்திருக்கலாம் என்று நினைக்கிறேன், நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான். மருத்துவர் வந்தார், ஆம்புலன்ஸ் வந்தது, அன்றிரவே பொது மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் குடல் அழுகியிருக்கும் என்று அறுவை மருத்துவர் அம்மாவிடம் சொன்னார்.

குளோசபின் நல்ல மருந்து. வேறெதற்கும் மசியாத நோயில் பலரை மீட்டிருக்கிறது. ஆனால் குடலை மந்தமாக்கும். ரத்த வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடியது என்று பலருக்கும் தெரியும். 1975-இல் பின்லாந்தில் அதனால் நேர்ந்த இறப்புகளுக்குப் பிறகுதான் ரத்தப் பரிசோதனை கட்டாயமானது. குடல் பக்கம் அவ்வளவாக யாரும் பார்க்கவில்லை. 2020 ஜனவரியில்தான் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த மலச்சிக்கல் உயிருக்கே ஆபத்தாகலாம் என்ற எச்சரிக்கையை இன்னும் கடுமையாக்கியது. சித்தப்பா தன் உடம்பைப் பற்றிச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த மொழியில் சொன்னார்.

சில வாரம் கழித்து ஒரு கேக்கோடு அந்தத் தாதியைப் பார்க்கப் போனேன். எல்லாரும் சிரித்தபோது உங்களுக்கு மட்டும் எப்படித் தோன்றியது என்று கேட்டேன். அறிவு, அனுபவம், உள்ளுணர்வு என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு பொம்மையைச் சாகடிச்சேன்க்கா” என்றார்.

அது ஓர் ஒத்திகைப் பயிற்சி. மனநல வார்டில் வேலை செய்பவர்களுக்கு உடல் சார்ந்த அவசர நிலைகளைச் செய்து காட்டிப் பழக்குவது. ஓர் அறையை வார்டு மாதிரி அமைத்திருந்தார்களாம். கட்டிலில் சக ஊழியர் ஒருவர் நோயாளியாக நடிக்கிறார். நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார், எழுந்திருக்கச் சொல்லுங்கள் என்று கத்துகிறார். நம் தாதி பக்கத்தில் உட்கார்ந்து, கற்றுக்கொண்டபடி அமைதியாக ஆறுதல் சொல்கிறார். யாரும் இல்லை அங்கிள், பயப்படாதீங்க அங்கிள். நான்கு நிமிடம் நன்றாக ஆறுதல் சொல்லியிருக்கிறார். ஐந்தாவது நிமிடம் ‘நோயாளி’ நினைவிழக்கிறார். அவர் இடத்தில் தரையில் பொம்மையை வைக்கிறார்கள். அது மாரடைப்பு. ஆறுதல் சொன்ன நான்கு நிமிடமும் ஒருவரும் நாடி பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம் என்றார். ஒருவர் பொம்மையின் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். “யாராவது கூப்பிடுங்க!” என்று ஒருவர் கத்தினார், யாரும் கூப்பிடவில்லை, ஏனென்றால் ‘யாராவது’ என்று அங்கே யாருக்கும் பெயர் இல்லை. ஆக்சிஜன் சிலிண்டர் பூட்டிய அறையில் இருந்தது. சாவி, சாப்பிடப் போன ஒருவர் பாக்கெட்டில்.

பயிற்சி கொடுத்தவர் நிறுத்தச் சொன்னார். பொம்மை இறந்துவிட்டது. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒத்திகை பத்து நிமிடம், பேச்சு முக்கால் மணி நேரம். யார் தப்பு என்று யாரும் கேட்கவில்லையாம். நெஞ்சில் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் சொன்னபோது உங்கள் மனத்தில் என்ன ஓடியது என்றுதான் கேட்டார்களாம். “அது டெலூஷன்னு முடிவு பண்ணிட்டேன்க்கா. முடிவு பண்ணின பிறகு என் கண்ணுக்கு அவரோட வேர்வைகூடத் தெரியல.” அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த வாரக் கட்டுரையே.

நோயாளிக்கு மனநோய் இருக்கிறது என்று தெரிந்ததும், அவர் சொல்வது எல்லாவற்றையும் அந்த நோயின் கணக்கில் எழுதிவிடுகிறோம். நெஞ்சுவலி பதற்றமாகிவிடும். மூச்சுத்திணறல் நடிப்பாகிவிடும். மருத்துவர்கள் இதை நோயறிதலின்மேல் விழும் நிழல் என்கிறார்கள். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்பே இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. தற்கொலையால்தான் என்று நினைப்போம். அதுவும் உண்டுதான். ஆனால் பெரும் பங்கு இருதயம், நீரிழிவு, நுரையீரல், தொற்று போன்ற சாதாரண உடல்நோய்களுக்கு.

மனநல வார்டில் இந்த நிழல் இன்னும் அடர்த்தி. அங்கே மருந்தின் விளைவும் மனநோயின் குறியும் ஒரே முகம் காட்டும். ஒருவர் பேச்சில்லாமல் விறைத்துக் கிடக்கிறார், வேர்க்கிறது, குழப்பமாக இருக்கிறார். நோய் முற்றிவிட்டது என்று இன்னோர் ஊசி போடத் தோன்றும். காய்ச்சலைப் பார்த்தால்தான் தெரியும், அது அந்த மருந்தே கொண்டுவந்த அபூர்வமான, ஆபத்தான எதிர்விளைவு என்று. இன்னோர் ஊசி அவரைக் கொன்றுவிடலாம். இரவெல்லாம் கலாட்டா செய்தவர் ஊசிக்குப் பிறகு நன்றாகத் தூங்குகிறார் என்று எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள்; மூச்சை எண்ணிப் பார்த்தால் நிமிடத்துக்கு எட்டுதான் இருக்கும். லித்தியம் சாப்பிடுபவர் நம்மூர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் கை நடுங்கி வாந்தி எடுப்பார். வேறொருவர் அடங்காமல் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, ரத்தத்தில் உப்பு இறங்கி வலிப்பு வந்து விழுவார். விழுங்கும் தசைகளை மருந்து மந்தமாக்கியிருக்க, பசியில் அவசரமாகச் சாப்பிட்டவருக்குத் தொண்டையில் சோற்று உருண்டை அடைத்துக்கொள்ளும். இவை ஒவ்வொன்றும் ஓர் ஒத்திகைக் காட்சி.

கட்டடமும் ஒத்துழைக்காது. பொது மருத்துவமனையில் ஒவ்வொரு கட்டிலுக்கும் பின்னால் ஆக்சிஜன் குழாய் இருக்கும். இங்கே கயிறாகக்கூடிய எதையும் வெளியே வைக்க முடியாது. ஒயர், குழாய், கத்தரிக்கோல் எல்லாம் பூட்டுக்குள். உயிரைக் காக்கத்தான் அந்தப் பூட்டு. அதே பூட்டு நிமிடங்களைத் தின்றுவிடும். இதயம் நின்றால் நான்கிலிருந்து ஆறு நிமிடத்துக்குள் மூளை சேதமடையத் தொடங்கும். மின்னதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. இருதய மருத்துவர் அந்தக் கட்டடத்திலேயே இருக்க மாட்டார். ஆம்புலன்ஸ் எந்த வாசலுக்கு வரும், அந்த நேரத்தில் யார் திறப்பது, தள்ளுவண்டி அந்த வளைவில் திரும்புமா? இதைக் கையேட்டில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு நாள் உண்மையாகவே தள்ளிப் பார்க்க வேண்டும். அதனால்தான் தனி அறையில் செய்வதைவிட வார்டிலேயே, வேலை நேரத்திலேயே செய்யும் ஒத்திகைக்கு மதிப்பு அதிகம் என்கிறார்கள்.

சாவி என்றதும் நமக்கு ஏர்வாடி நினைவு வரும். ராமநாதபுரம் மாவட்டம், 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. மனநோயாளிகளை வைத்திருந்த ஓலைக் கொட்டகையில் தீ. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதை மருத்துவமனை என்று சொல்ல முடியாது. ஒத்திகை வைத்திருந்தால் தப்பியிருப்பார்கள் என்று சொல்வதும் அபத்தம். அங்கே சங்கிலியே இருந்திருக்கக் கூடாது. ஆனாலும் அவசரம் வந்தால் இவர்களை எப்படி வெளியே கொண்டுவருவது என்ற கேள்வியை ஒரே ஒரு முறை யாராவது கேட்டிருந்தால், சங்கிலி அன்றே அவிழ்ந்திருக்கும்.

வசதி உள்ள நாடுகளிலும் இது நடந்திருக்கிறது. டேவிட் பென்னட் என்ற 38 வயதுக்காரர், 1998 அக்டோபரில் இங்கிலாந்தின் நார்விச்சில் ஒரு மனநல மையத்தில், ஊழியர்கள் பலர் குப்புறப் படுக்கவைத்து அழுத்திப் பிடித்திருந்தபோது இறந்தார். கறுப்பினத்தவர். 2004-இல் வெளியான விசாரணை அறிக்கை, யாரையும் மூன்று நிமிடத்துக்குமேல் குப்புற அழுத்திப் பிடிக்கக் கூடாது என்றது. மனநலத் துறைத் தாதியர், மருத்துவர் அனைவருக்கும் உயிர்மீட்புப் பயிற்சி கட்டாயம் வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு வந்த இங்கிலாந்தின் வழிகாட்டி, இப்படிப் பிடிக்கவோ ஊசி போட்டு அடக்கவோ வாய்ப்புள்ள இடங்களில் உயிர்மீட்புப் பை மூன்று நிமிடத்துக்குள் கைக்கு வர வேண்டும் என்றது. பிறகு அங்கே மனநல ஊழியர்களுக்கென்றே ‘ராம்ப்ஸ்’ போன்ற ஒத்திகைப் பயிற்சிகள் உருவாயின. வார்டில் உடல்நோயைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது மட்டுமே பாடம்.

ஒத்திகை என்ற யோசனை மருத்துவத்துக்குச் சொந்தமில்லை. செனாய்க்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். நம் தலைக்குமேல் இறங்கும் விமானத்தின் விமானி, இயந்திரம் எரிவதைத் தரையிலேயே, பாவனைப் பெட்டிக்குள் பலமுறை பார்த்தவர். 1929-இல் அமெரிக்காவின் எட்வின் லிங்க் தயாரித்த முதல் பாவனை விமானம், அவர் அப்பாவின் ஆர்கன், பியானோ தொழிற்சாலையின் காற்றுத்துருத்திகளால் ஆடியது. பன்னாட்டு விதிப்படி விமான நிலையங்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் முழு அளவிலான விபத்து ஒத்திகை நடத்த வேண்டும். உயிர்மீட்புப் பொம்மையோ நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த அஸ்முண்ட் லேர்டாலின் கைவேலை. தன் சிறிய மகன் தண்ணீரில் மூழ்கிப் பிழைத்ததை நேரில் பார்த்தவர் அவர். 1960-இல் வெளிவந்த அந்தப் பொம்மைக்கு, பாரிஸின் சேன் ஆற்றில் இறந்து மிதந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகத்தை வைத்தார். 1980-களில் அமெரிக்க மயக்க மருத்துவர் டேவிட் காபா, விமானிகளின் குழுப் பயிற்சியை அறுவைச் சிகிச்சை அறைக்குக் கொண்டுவந்தார். மனநல வார்டுக்கு இது எல்லாருக்கும் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. வழக்கம்போல.

என் தொழிலில் இருந்து ஒன்று சொல்கிறேன். நேரலையில் திடீரென்று ஒலி நின்றுவிட்டால், அந்த மௌனம் எங்களுக்கு மரணம். புதிதாகச் சேர்பவர் முதல் முறை உறைந்துபோவார். வாய் திறக்கும், சொல் வராது. அதனால் படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்த முதல் மாதம், என் தயாரிப்பாளர் பயிற்சி நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் பாட்டை நிறுத்துவார். நான் பேச வேண்டும். திட்டிக்கொண்டேதான் பழகினேன். தைரியம் ஒன்றும் கூடவில்லை. பயந்துகொண்டே வாய் தானாகப் பேசப் பழகியது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் ஒத்துப்போகிறது. தயாரிப்பாளர் காதில் “செய்திக்கு நாப்பது நொடி” என்றால், நான் விரலைக் காட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். காட்டாவிட்டால் அவர் சொன்னது நடக்காத கதை. வார்டு ஒத்திகையிலும் இதையே சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘யாராவது’ என்ற சொல்லுக்குத் தடை. ஆளின் பெயரைச் சொல்லி ஒரு வேலை கொடுக்க வேண்டும். அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முடித்ததும் வந்து சொல்ல வேண்டும். தொலைபேசியில் பேசுவதற்கும் வரிசை உண்டு: இப்போது என்ன, பின்னணி என்ன, என்னவாக இருக்கும் என்று நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த வரிசை இது. சித்தப்பாவுக்காக அந்தத் தாதி பேசிய அரை நிமிடம் இப்படித்தான் இருந்தது. கடைசி வரிதான் முக்கியம் என்றார். இளம் தாதி ஒருவர் பெரிய மருத்துவரிடம் “நீங்க வரணும்” என்று சொல்வது நம் ஊரில் எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். அதையும் பொம்மையின் பக்கத்தில் நின்றுதான் பழகினாராம்.

எல்லாம் சரி, இதனால் உயிர்கள் பிழைக்கின்றனவா? நேர்மையாகச் சொன்னால், மனநலத் துறையில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் காட்டுவது ஊழியர்களின் அறிவும் தன்னம்பிக்கையும் கூடுகின்றன என்பதைத்தான். நோயாளிக்கு என்ன ஆனது என்று பின்தொடர்ந்து பார்த்தவை குறைவு. தன்னம்பிக்கை மட்டும் கூடுவது ஆபத்து என்றுகூட வாதாடலாம். கற்ற கை சில மாதங்களிலேயே மறக்கத் தொடங்கும் என்பதும் தெரிந்த விஷயம். ஒரு முறை நடத்தி, படம் எடுத்து, சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனால் பிரயோஜனம் இல்லை. செலவும் ஒரு சாக்கு. பேசி, மூச்சுவிட்டு, நாடி துடிக்கும் பொம்மை விலை அதிகம்தான். ஆனால் நம் தாதிக்குப் பாடம் புகட்டியது சக ஊழியரின் நடிப்பும் பூட்டிய ஒரு கதவும். அவற்றுக்கு என்ன விலை?

எனக்குள்ள பயம் வேறு. நோயாளியாக நடிப்பவர் எங்கிருந்து நடிப்பைக் கற்றுக்கொள்கிறார்? நம் சினிமா நகைச்சுவையிலிருந்து என்றால், தலையைச் சொறிந்து கண்ணை உருட்டி ஒரு ‘பைத்தியம்’ வந்து நிற்கும், எல்லாரும் சிரிப்பார்கள், பழைய நிழல் இன்னும் கறுப்பாகும். சில நாடுகளில் இந்தக் காட்சிகளை எழுதும்போது, மனநோயோடு வாழ்ந்தவர்களையே கூட வைத்துக்கொள்கிறார்கள். சித்தப்பாவைக் கூப்பிட்டால் நன்றாக எழுதிக்கொடுப்பார்.

உங்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருக்கலாம். வெளியே சொல்லாமல் இருக்கலாம். அவரை வார்டில் பார்க்கப் போகும்போது தோசையோடு கொஞ்சம் தகவலும் கொண்டுபோங்கள். எல்லா மருந்தின் பெயரும், அளவும், இனிப்புநீர், ரத்த அழுத்த மருந்து உள்பட, ஒரு தாளில். எப்போதும் எப்படிப் பேசுவார், இப்போது என்ன மாறியிருக்கிறது என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் அங்கே கிடையாது. “பாம்பு எப்பவும் நெளியும்னுதான் சொல்வார், அசையலன்னு சொன்னதே இல்ல” என்று அன்று அம்மாவோ நானோ ஒரு வாய் சொல்லியிருந்தால், அந்தத் தாதி இல்லாவிட்டாலும் விஷயம் நகர்ந்திருக்கும். மிஸ்ஸி, இது புதுசு, நாடியும் காய்ச்சலும் ஒரு தடவை பார்த்துடுங்களேன் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. மலம் போனதா என்று கேட்கவும் வெட்கப்படாதீர்கள். வீட்டில் இருப்பவர் என்றால், ஊசிக்கோ புது மாத்திரைக்கோ பிறகு எழுப்ப முடியாத தூக்கம், காய்ச்சலோடு விறைப்பு, உப்பிய வயிறு, இவற்றுக்குக் காத்திருக்காமல் 999.

உயிர்மீட்புப் பயிற்சியை மலேசிய செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் பொதுமக்களுக்கு நடத்துகின்றன. ஒரு சனிக்கிழமை போதும். நானும் அம்மாவும் போனோம். அம்மாவுக்கு முட்டி வலி, இருந்தும் விடவில்லை. நெஞ்சின் நடுவில், ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100-இலிருந்து 120 தடவை. மெத்தையில் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். தரையில் கிடத்த வேண்டும்.

சித்தப்பா இப்போது செனாயில் எங்களோடு இருக்கிறார். குளோசபின் தொடர்கிறது. காலையில் பப்பாளி, ராத்திரி மலமிளக்கி, காலண்டரில் தினமும் ஒரு டிக். ‘போஸ்ட் ஆபீஸ்’ என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்; இன்றைக்குத் தபால் வந்ததா என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டிகூடக் கேட்கும் அளவுக்கு அது பிரபலம்.

போன ஞாயிறு மறந்துவிடாமல் இருக்க, வரவேற்பறைத் தரையில் தலையணையை வைத்து அம்மாவும் நானும் மாறி மாறி அழுத்திப் பார்த்தோம். சித்தப்பா சோபாவில் உட்கார்ந்து சத்தமாக எண்ணினார். இருபதில் எனக்கு மூச்சு வாங்கியது. “நிறுத்தாத, ரேடியோ” என்றார். முப்பது வந்ததும் அம்மாவைக் கைகாட்டிவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.